டிக்கன்ஸ் - காலின்ஸ்: இந்தக் கதையை யார் சொல்ல வேண்டும்?

சார்லஸ் டிக்கன்ஸ் தன் கடைசி நாவலான 'எட்வின் ட்ரூட் மர்மம்' கதையைப் பன்னிரண்டு மாதத் தவணைகளாகத் திட்டமிட்டார். ஆறு தவணைக்கு மட்டும் எழுதியிருந்த நிலையில் 1870 ஜூன் 9 அன்று இறந்துபோனார். அந்தப் பாதிக் கதையின் இருட்டிலிருந்து 2009இல் இரண்டு நாவல்கள் வந்தன: டான் சிம்மன்ஸின் 'ட்ரூட்', மேத்யூ பேர்லின் 'தி லாஸ்ட் டிக்கன்ஸ்'. கரு ஒன்றுதான். சொல்லும் முறையில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள்.

பேர்ல் படர்க்கையில் எழுதுகிறார். டிக்கன்ஸின் பாஸ்டன் பதிப்பாளர் ஜேம்ஸ் ஆஸ்குட் கதையின் மிச்சத்தைத் தேடி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுகிறார். இன்னொரு இழை 1867-68இல் டிக்கன்ஸ் செய்த அமெரிக்கப் பயணம். மூன்றாவது, வங்காளத்தில் குதிரைப் போலீஸ் அதிகாரியாக இருந்த அவர் மகன் பிரான்சிஸைத் தொடரும் அபினிக் கதை. மூன்று இழைகளும் சிக்கலில்லாமல் ஓடுகின்றன. அயல்நாட்டு எழுத்தாளருக்கு அமெரிக்காவில் 1891 வரை பதிப்புரிமை இல்லை. அதனால் கையெழுத்துப் பிரதியை யார் முதலில் கைப்பற்றுகிறார்கள் என்பதில்தான் பதிப்பாளர்களின் பிழைப்பே இருந்தது. இந்தப் பின்னணியை இவ்வளவு தெளிவாகக் காட்ட படர்க்கையால்தான் முடியும். ஆனால் போட்டி இங்கே வெளியே நடக்கிறது, பணத்துக்காக. டிக்கன்ஸுக்கும் அவர் நண்பரும் சக நாவலாசிரியருமான வில்கி காலின்ஸுக்கும் நடுவே புழுங்கிய விஷம் இதில் இல்லை. துப்பறியும் கதையாக நன்றாக இருக்கிறது. இரவில் விளக்கை அணைக்கத் தயங்க வைக்கவில்லை.

சிம்மன்ஸ் பேனாவை அந்தக் காலின்ஸின் கையிலேயே கொடுத்துவிடுகிறார். தான் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழித்துப் படிக்கப்போகும் வாசகருக்கு, காலின்ஸ் ரகசியமாக எழுதிவைத்த பிரதி என்பது ஏற்பாடு. பூட்டிவைத்த பிரதி கோதிக் என்னும் இருண்ட திகில் கதைகளில் பழைய உத்திதான். ஆனால் இந்த இருவருக்கு அது அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் நிஜத்திலும் இவர்களின் கசப்பு மறைவிடங்களில்தான் எழுதப்பட்டது. காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' 1868இல் டிக்கன்ஸின் வாரப்பத்திரிகையிலேயே தொடராக வந்தது. அது வந்துகொண்டிருந்தபோதே, கதைக்கட்டு சகிக்கமுடியாத அளவு அலுப்பூட்டுகிறது என்று டிக்கன்ஸ் தன் துணை ஆசிரியர் வில்ஸுக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் காலின்ஸின் முறை. டிக்கன்ஸின் நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்று நூலின் ஓரத்தில், 'எட்வின் ட்ரூட்' ஓய்ந்துபோன மூளையின் வேலை என்று குறித்துவைத்தார். இத்தனைக்கும் டிக்கன்ஸின் மகள் கேட் வாழ்க்கைப்பட்டது காலின்ஸின் தம்பிக்கு. விருந்துக்கும் நாடக ஒத்திகைக்கும் ஒன்றாகப் போனவர்கள். இப்படிப்பட்ட பகையை மூன்றாம் மனிதர் சொன்னால் வெறும் தகவலாகிவிடும்.

இங்கிலாந்தின் ஸ்டேபிள்ஹர்ஸ்டில் டிக்கன்ஸ் சிக்கிய ரயில் விபத்தைப் பாருங்கள். 1865 ஜூன் 9. பாலத்தில் வேலைக்காகத் தண்டவாளத்தை எடுத்திருந்தார்கள். ரயில் கவிழ்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். டிக்கன்ஸ் தன் தொப்பியில் தண்ணீர் மொண்டுவந்து காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தார், பிராந்தி புகட்டினார், பிறகு பெட்டிக்குள் மறுபடி ஏறித் தன் நாவலின் கையெழுத்துத் தாள்களை எடுத்துவந்தார். இவ்வளவும் வரலாறு. சிம்மன்ஸ் அந்தப் பிணங்களுக்கு நடுவே கறுப்பு அங்கி போட்ட ட்ரூட் என்ற உருவத்தை நடமாட விடுகிறார். காலின்ஸ் அங்கே இல்லை. டிக்கன்ஸ் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஆக, கதை கட்டுவதில் கைதேர்ந்த ஒருவர் சொன்னதை அவர்மேல் வயிறெரியும் இன்னொருவர் நமக்குச் சொல்கிறார். அந்த உருவம் வந்ததா இல்லையா? போதாக்குறைக்குக் காலின்ஸ் மூட்டுவலிக்காக லாடனம் என்ற அபினிக் கரைசலைக் குடித்துக்கொண்டே இருப்பவர். டிக்கன்ஸோ மெஸ்மரிச வசியம் செய்யத் தெரிந்தவர். இரண்டும் உண்மை. சந்தேகத்துக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

இதற்கு விலை உண்டு. புத்தகம் எழுநூறு பக்கங்களுக்கு மேல் போகிறது. காலின்ஸின் புலம்பல் சில இடங்களில் உண்மையாகவே சோர்வு தருகிறது. அதைவிட முக்கியமாக, டிக்கன்ஸுக்குத் தன் பக்கத்தைச் சொல்ல இடமே இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

அதற்கு மருந்து காலின்ஸிடமே இருந்தது. 1859-60இல் வந்த அவருடைய 'வெள்ளுடைப் பெண்' நாவலை நீதிமன்றச் சாட்சிகள் போலப் பலர் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் ஒருத்தியான மரியன் நோயில் விழுகிறாள். அவள் நாட்குறிப்பு பாதி வாக்கியத்தில் நிற்கிறது. அடுத்த பத்தி வேறொருவர் எழுதியது. வில்லன் ஃபாஸ்கோ பிரபு முழுவதையும் படித்துவிட்டு, அவளைப் பாராட்டி அவள் ஏட்டிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். பேய் இல்லை, பாதாளம் இல்லை. நம் அந்தரங்கத்தை எதிரி நிதானமாகப் படித்து ரசித்தான் என்பது மட்டுமே. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் உடம்பு சில்லிடுகிறது.

சிம்மன்ஸ் இதை எடுத்துக்கொண்டிருக்கலாம். காலின்ஸின் ரகசியப் பிரதிக்கு நடுவே, ஒரே ஒரு பக்கம் மட்டும், டிக்கன்ஸ் வழக்கமாக எழுதும் நீல மையில்.