பக்கவாதத்துக்கு ‘பேக்கேஜ்’ பணம் கட்டுவதற்கு முன்னால்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டா முழுக்க பஸ் ஸ்டாண்டு சுவர்களிலும் ஆட்டோக்களின் முதுகிலும் ஒரே மாதிரி விளம்பரம் இப்போது கண்ணில் படுகிறது. “பக்கவாதமா? 90 நாளில் நடக்க வைக்கிறோம்.” அதன் கீழே மூட்டுவலி, முதுகுவலி, கழுத்துவலி, நரம்புத் தளர்ச்சி என்று ஒரு வரிசை இருக்கும். அப்படி ஒரு மையத்தில்தான் என் அண்ணனைச் சேர்த்தோம். 60,000 ரூபாய் போனது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த காசு அது, சின்னத் தொகை இல்லை. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பு வேகமாகத் தேறுவது முதல் மூன்று மாதங்களில்தான். அதில் பெரும்பகுதியை அங்கே கட்டிலில் படுக்கவைத்தே கழித்துவிட்டார்கள். அந்தக் காலத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தராது. இன்னொரு குடும்பம் அதை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் மையத்தின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு 54 வயது. வலங்கைமான் பக்கம் விவசாயம். புரட்டாசியில் ஒரு நாள் விடிகாலை எழுந்தபோதே வலது கையும் காலும் விழுந்திருந்தன, வாய் கோணியிருந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்ததால் எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைப்பு. அதனால் வலது பக்கம் விழுந்ததோடு பேச்சும் போனது. நாம் சொல்வது அண்ணனுக்குப் புரியும், திருப்பிச் சொல்ல வார்த்தை வராது. வார்டிலேயே பிசியோதெரபி ஆரம்பித்து, கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, அண்ணிக்கும் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. வலங்கைமானிலிருந்து தஞ்சாவூருக்கு, உட்காரவே தள்ளாடும் ஆளைத் தினமும் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. கார் வைத்தால் வாடகை கட்டுப்படி ஆகாது. பக்கத்திலேயே ‘நரம்பியல் மறுவாழ்வு மையம்’ என்று பெரிய போர்டு இருந்தது. தெரிந்தவர் ஒருவர் தன் முழங்கால் வலி அங்கே போய்த்தான் குறைந்தது என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் பார்க்கும் இடம்தான் அது. போர்டில் மட்டும் நரம்பியல் என்று சேர்த்திருக்கிறார்கள்.

முதல் நாள் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எச்சரிக்கை அடையாளங்கள் எல்லாமே அந்தக் கால் மணி நேரத்தில் இருந்தன. வெள்ளைக் கோட்டு போட்டு எல்லாரும் ‘டாக்டர்’ என்று கூப்பிட்ட ஒருவர், எம்.ஆர்.ஐ. படத்தை ட்யூப் லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அண்ணனின் கையைத் தொடவில்லை. காலைத் தூக்கச் சொல்லவில்லை. எழுந்து நிற்க முடிகிறதா, சாப்பாட்டை விழுங்க முடிகிறதா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு கேள்வி இல்லை. “நரம்பு அடைச்சிருக்கும்மா, கரண்ட் கொடுத்தா திறந்துடும்” என்று அண்ணியிடம் சொன்னார். அடைத்தது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய். கை கால் நரம்பு எதுவும் அடைக்கவில்லை, கரண்ட் கொடுத்துத் திறக்க அங்கே ஒன்றுமே இல்லை. அடுத்து விலை. இரண்டு மாதப் பேக்கேஜ் 80,000, இன்றைக்கே கட்டினால் 60,000. பணத்தை ஜிபேயில் ஒரு தனி ஆளின் பெயருக்குப் போடச் சொன்னார்கள். பில் கேட்டதற்கு, வருகைக் குறிப்பு அட்டையின் மூலையில் ‘பணம் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

சிகிச்சை என்று நடந்தது இதுதான். திரை போட்ட கட்டில்கள் வரிசையாக இருக்கும். அண்ணனைப் படுக்கவைத்து, தோளிலும் தொடையிலும் பட்டையை ஒட்டி, மிஷினைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் முழங்கால் வலிக்கு வந்த அம்மாவுக்கும் அதே மிஷின், அதே நேரம். ஐ.எஃப்.டி. என்று அதற்குப் பெயர். வலியைக் குறைக்கப் பயன்படுத்துவது. மூளை பாதிக்கப்பட்டவர் மறுபடி எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ள அதனால் ஒரு உதவியும் கிடையாது. கரண்ட் சிகிச்சை எல்லாமே ஏமாற்று என்றும் நான் சொல்லவில்லை. நோயாளி கையைத் திறக்க முயலும் அதே நேரத்தில் அந்தத் தசையைத் தூண்டிவிடும் கருவி உண்டு, அதற்குப் பலன் இருக்கிறது. ஆனால் அதிலும் முயற்சி நோயாளியுடையதாக இருக்க வேண்டும். மூளையில் பிழைத்திருக்கும் பகுதி, இழந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துதான் கற்றுக்கொள்கிறது. நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது, டம்ளரை எட்டி எடுப்பது, பாதிக்கப்பட்ட காலில் பாரம் ஊன்றுவது, இப்படி. படுத்துக் கிடப்பவர் எதைக் கற்பார்?

அப்புறம்தான் கப்பி வந்தது. சுவரில் உயரத்தில் ஒரு உருளை, அதில் ஒரு கயிறு. இரண்டு முனையிலும் கைப்பிடி. வலது கையை ஒரு பிடியில் துணியால் கட்டிவிட்டு, இடது கையால் இழுக்கச் சொன்னார்கள். இழுத்தால் விழுந்த கை தலைக்கு மேலே போகும். உறைந்துபோன தோளுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுப்பார்கள். பக்கவாதத் தோள் வேறு. தோள் மூட்டின் பந்தைக் கிண்ணத்தில் பிடித்துவைத்திருப்பது சுற்றியுள்ள தசைகள். அவை செயலிழந்ததும் கையின் கனமே பந்தைக் கீழே இறக்கிவிடும். அந்த நிலையில் கையை நேராக மேலே இழுத்தால் தசைநார் எலும்புக்கு இடையில் நசுங்கும், கிழியவும் கிழியும். அமெரிக்க இதய சங்கமும் பக்கவாத சங்கமும் 2016-இல் வெளியிட்ட மறுவாழ்வு வழிகாட்டுதலிலேயே, பக்கவாதத் தோளுக்குத் தலைக்கு மேலே இழுக்கும் கப்பிப் பயிற்சி வேண்டாம் என்று இருக்கிறது. அதாவது இது எங்கோ ஒரு நிபுணருக்கு மட்டும் தெரிந்த நுணுக்கம் இல்லை. இந்தத் தொழிலுக்கு வருபவர் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை.

அண்ணன் கத்தினார். பேச்சு இல்லாத மனிதர், “வலிக்குது, நிறுத்து” என்று சொல்ல வழியில்லை, கத்தத்தான் முடியும். “வலி வந்தாத்தான் நரம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றார்கள் அண்ணியிடம். மற்ற நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்று எஃப்.எம். சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. வீட்டில் ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் அழுதார். சட்டை மாட்டக் கையைத் தொட்டாலே தட்டிவிடுவார். தோள் எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்த மாதிரி இருப்பதை முதலில் கவனித்தவள் அண்ணன் மகள்தான். அதைச் சொன்னபோது “தசை கரைஞ்சிருக்கு, புரோட்டீன் பவுடர் கொடுங்க” என்று அவர்களே ஒரு டப்பாவை விற்றார்கள்.

மையத்தில் வேலை செய்த பையன்களில் ஒருவன் ஆறு மாதம் ஏதோ சான்றிதழ் படித்ததாகவும், இன்னொருவன் அதற்கு முன் மெடிக்கல் ஷாப்பில் இருந்ததாகவும் அவர்களே பேச்சுவாக்கில் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்கள். பிசியோதெரபிப் பட்டம், பி.பி.டி., பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நாலு வருடத்துக்கு மேல் படித்து வாங்குவது. முறையாகப் படித்தவர்களின் பெயரைத்தான் இவர்கள் கெடுக்கிறார்கள்.

பேக்கேஜ் முடியும் தறுவாயில் வந்தது ஊசிப் பேச்சு. சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வருவாராம், ஸ்டெம் செல் ஊசி போட்டால் செத்த மூளை திரும்ப முளைக்குமாம், ஒன்றரை லட்சமாம். நிலத்தின் பேரில் கடன் வாங்கலாமா என்று அண்ணி என்னிடம் கேட்டார்கள். நான் ஊருக்கு வந்து, எந்த டாக்டர், எந்த மருத்துவமனை, எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் ஊசி இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, அதை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம். அப்படிப்பட்ட ஆய்வில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. காசு கேட்ட நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

அன்றோடு அங்கே போவதை நிறுத்தி, மறுபடி தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த பெண் பிசியோதெரபிஸ்ட் முதலில் செய்த காரியம், அண்ணன் எதிரில் உட்கார்ந்து “ஐயா, உங்க தோளைத் தொடட்டுமா?” என்று அவரிடமே கேட்டது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. மூட்டு இறங்கியிருக்கிறது, இழுத்ததில் வலி கூடியிருக்கிறது என்றார். ஒவ்வொரு தசைக்கும் எவ்வளவு பலம் என்று 0 முதல் 5 வரை எண் போட்டார். குளிப்பது, சாப்பிடுவது, கழிப்பறை போவது என்று பத்து வேலைகளைக் கேட்டு, 100-க்கு எவ்வளவு என்று பார்தெல் அளவில் குறித்தார். சில வாரம் கழித்து அதையே மறுபடி போட்டுப் பார்த்தால்தான் முன்னேற்றம் தெரியும் என்றார். முந்தைய மையத்தில் ஒரு எண்கூட யாரும் எழுதியதில்லை, அதனால் ‘நல்லா இம்ப்ரூவ் ஆகுது’ என்று தினமும் சொல்ல அவர்களுக்கு வசதியாக இருந்தது.

அண்ணிக்கு அவர் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் காசில்லாத விஷயங்கள். உட்காரும்போது வலது கைக்குக் கீழே தலையணை வை. தூக்கி நிறுத்தும்போது அக்குளில் கை கொடுக்காதே, கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதே, இடுப்பில் துண்டு கட்டி அதைப் பிடி. கையைத் தோள் மட்டத்துக்கு மேலே கொண்டுபோகாதே. உணர்ச்சி குறைந்த பக்கத்தில் வெந்நீர் ஒத்தடம் வைக்காதே, சூடு தெரியாமல் வெந்துவிடும். பேச்சுக்குத் தனியாகப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார். பாதம் தொங்காமல் இருக்கக் கணுக்கால் பட்டை எழுதிக்கொடுத்தார். போனது போகட்டும், மூன்று மாதத்தோடு கதவு சாத்திவிடுவதில்லை, மெதுவாக ஆனாலும் பயிற்சிக்குப் பலன் இருக்கும் என்று தைரியமும் சொன்னார்.

தினமும் அவ்வளவு தூரம் வர முடியாது என்றபோது, மக்களைத் தேடி மருத்துவம் பற்றிச் சொன்னதும் அவர்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான் என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயர் கொடுக்க வேண்டும். தினமும் வர மாட்டார்கள். ஆனால் வருகிற அன்று சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் மற்ற நாளில் வீட்டார் செய்யலாம். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. அண்ணன் ஊன்றுகோலோடு திண்ணை வரை வருகிறார். தோள்வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. விரல்கள் இன்னும் திறக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், எந்த இடமாக இருந்தாலும் மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும், அல்லது வாரக் கணக்கில், நிறுவனத்தின் பெயரில் பில் வாங்கிக் கொடுங்கள். கையை வைக்கப்போகிறவர் என்ன படித்தார் என்று கேளுங்கள், முதலாளி படித்தது போதாது. நாள் கணக்குச் சொல்லி உத்தரவாதம் கொடுப்பவரை நம்பவே வேண்டாம். மூளையில் எவ்வளவு பாதிப்பு, எந்த இடம் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும் விஷயத்தில் எந்த நேர்மையான மருத்துவரும் தேதி குறிக்க மாட்டார். சிகிச்சை நேரத்தில் வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்க அனுமதி இல்லை என்றால் அந்த இடம் வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “பேக்கேஜ் பணம் ரிட்டன் கிடையாது, அட்டையில போட்டிருக்கே” என்றார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த சேவைக்கு பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடவடிக்கை. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் வேறு கெடு சொல்லியிருக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். மையம் அசையவில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். மையம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் போடலாம். நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும், அந்த மையத்தின் பதிவையும் அங்கே வேலை செய்பவர்களின் படிப்பையும் விசாரிக்கச் சொல்லித் தனியாக மனு கொடுத்திருக்கிறோம்.

வருகை அட்டை, ஜிபே விவரம், விளம்பரத்தின் போட்டோ, தஞ்சாவூரில் எழுதிய தோள் பரிசோதனைக் குறிப்பு, இவைதான் எங்கள் கையில் இருக்கும் சாட்சிகள். புகார் போன பிறகு சுவரில் அந்த ‘90 நாள்’ வரிக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். மற்றபடி கடை திறந்துதான் இருக்கிறது. இதே மாதிரி பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், உங்கள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுங்கள். எழுத உதவி வேண்டுமானால் எங்கள் மனுவின் நகலைத் தருகிறேன்.