பழைய செவர்லே பிக்கப்பின் ஆண்டு: நான்கு சாட்சிகள்

1947 கோடையில் வெளிவந்த செவர்லேயின் 'அட்வான்ஸ் டிசைன்' பிக்கப்புகள் 1955 தொடக்கம் வரை ஏறத்தாழ ஒரே சாயலில் தயாரிக்கப்பட்டன. அதனால், அமெரிக்கச் சந்தையில் இன்று விலைக்கு வரும் ஒரு வண்டியின் ஆண்டைக் கணிக்க அதன் பதிவுச் சான்று, எஞ்சின், உடலமைப்பு, கதவுத் தூணில் உள்ள எண் தகடு ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டியுள்ளது.

மாடலை அறிவது எளிது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 116 அங்குலம் இருந்தால் அது அரை டன் 3100. 125¼ அங்குலம் என்றால் முக்கால் டன் 3600. 137 என்றால் ஒரு டன் 3800.

ஆண்டு என்று வரும்போது பலரும் முதலில் நம்புவது பதிவுச் சான்றைத்தான். நான்கில் மிகவும் பலவீனமானதும் அதுவே. சில மாநிலங்களில் தயாரித்த ஆண்டுக்குப் பதிலாக விற்ற ஆண்டு பதிவானதுண்டு. எஞ்சின் எண்ணையே வண்டியின் எண்ணாக எழுதியதும் உண்டு. அந்த எஞ்சினும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. 1953 வரை வந்த 216 கன அங்குல எஞ்சினைக் கழற்றிவிட்டு, பிற்காலத்து 235-ஐப் பொருத்துவது வழக்கமான மாற்றம். பிளாக்கில் வார்க்கப்பட்ட தேதிக் குறியீட்டிலும் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே இருப்பதால், 9 என்பது 1949-ஆ 1959-ஆ என்பதை வேறு தடயங்களைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

உடலமைப்பு இவற்றைவிட அதிகம் சொல்லும். 1947-இல் தரையில் இருந்த மூன்று வேக கியர் தண்டு 1948-இல் ஸ்டியரிங் தண்டுக்கு மாறியது. பெட்ரோல் டேங்க் 1949-இல் இருக்கைக்குப் பின்னால் வந்ததால், அதன் மூடி சரக்குப் பெட்டியின் பக்கவாட்டிலிருந்து பயணியின் கதவுக்குப் பின்புறம் இடம் மாறியது. ஓட்டுநர் பக்கத்தில், கதவுக்கு முன்னால் இருந்த காற்றுத் திறப்பு 1950-உடன் நின்றது. 1951-இல் கதவுகளில் சிறிய முக்கோணக் கண்ணாடி வந்தது. கீழ்நோக்கித் திருப்பும் வெளிக் கைப்பிடி 1952-இல் பொத்தானை அழுத்தித் திறப்பதாயிற்று. 1954-இல் இரட்டை முகப்புக் கண்ணாடி வளைந்த ஒற்றைக் கண்ணாடியானது. கிரில்லும் டேஷ்போர்டும் அப்போதே மாறின. கேபினின் பின்மூலைகளில் உள்ள கூடுதல் கண்ணாடிகளை ஆண்டின் அடையாளமாகச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு; அவை டீலக்ஸ் கேபினின் அடையாளமே தவிர, ஆண்டைக் காட்டுபவை அல்ல.

நான் முதலிடம் கொடுப்பது எண் தகட்டுக்கு. அரை டன் வண்டிகளின் தகட்டு எண்ணில் உள்ள எழுத்துகளில் ஈ.பி. 1947-ஐயும், எஃப்.பி. 1948-ஐயும், ஜி.பி. 1949-ஐயும், எச்.பி. 1950-ஐயும், ஜே.பி. 1951-ஐயும், கே.பி. 1952-ஐயும் குறிக்கும், 1953 முதல் ஆண்டின் கடைசி இரு இலக்கங்களே எண்ணில் இடம்பெற்றன. ஆனால் தகட்டைக் கழற்றி வேறு கேபினில் மாட்ட முடியும். எனவே தகடும் உடலும் முரண்பட்டால், எந்தப் பாகத்தை மாற்றுவது கடினம் என்று பார்க்க வேண்டும். ஜே.பி. தகடு உள்ள வண்டியின் கதவில் முக்கோணக் கண்ணாடி இல்லாவிட்டால், பழைய கதவுகள் மாட்டப்பட்டிருக்கலாம் என்று விட்டுவிடலாம். அதே வண்டியில் ஓட்டுநர் பக்கக் காற்றுத் திறப்பும் இருந்தால், அந்த கேபினே 1950 அல்லது அதற்கு முந்தையது. தகடுதான் வேறு வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும்.