கொள்ளைநோய் வந்தால் எந்தச் சட்டம்: 1897ஆ, 1939ஆ?

உள்ளாட்சியில் வேலை பார்க்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது. மத்திய அரசின் கொள்ளைநோய்ச் சட்டம் 1897, நம் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939, இரண்டும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

அளவு
1897: பம்பாய் பிளேக்குக்காக அவசரமாகப் போட்டது. தொடக்கத்தில் நாலே பிரிவுகள்.
1939: குடிநீர், கழிவுநீர், கொசு, தொற்றுநோய் என்று நீளமானது. படிக்கப் பொறுமை வேண்டும்.

வேகம்
1897: அரசு ஒரு ஆணை போட்டால் போதும், ரயில் பயணிகளைக்கூட நிறுத்திச் சோதிக்கலாம்.
1939: சுகாதார அதிகாரி, அறிவிக்கை என்று படிப்படியாகப் போகும்.

தகவல்
எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.
1897: நோயைப் பற்றி யார், யாரிடம் சொல்ல வேண்டும்? சட்டத்தில் ஒரு வரி கிடையாது.
1939: டாக்டர் மட்டுமல்ல, லாட்ஜ் நடத்துபவர், குடும்பத் தலைவர்கூடத் தொற்றுநோயைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். லாட்ஜில் ஒருவர் வாந்திபேதியில் படுத்திருந்தால், அறையைக் கழுவிவிட்டு முதலாளி சும்மா இருந்துவிட முடியாது.

தண்டனை
1897: 2020இல் திருத்தியபின், மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் 7 ஆண்டு வரை சிறை.
1939: முகக்கவசம் போடாததற்கு 200 ரூபாய் அபராதம் போட்டார்களே, அது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

சரி, எது எதற்கு? ஊரையே நிறுத்த வேண்டிய நாளுக்கு 1897. ஊரில் முதல் நோயாளி யாரென்று அதற்கு முன்பே தெரியவேண்டுமானால் 1939தான்.