பெட்டியில் காயிலோவர், வண்டியில் வெட்டிய ஸ்பிரிங்

ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்துவதற்காக வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கடை தேடுகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது பழைய ஆடி டிடி (Audi TT) கார். நான்கு சக்கரத்துக்கும் ஜெர்மன் காயிலோவர் செட் போட்டு 30 மில்லிமீட்டர் இறக்கித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். காயிலோவர் என்றால், உயரத்தைக் கூட்டிக் குறைக்க உடம்பிலேயே மரை போட்ட ஷாக் அப்சார்பர், அதற்கேற்ற குட்டையான, விறைப்பான ஸ்பிரிங். பெட்டியைத் திறந்தும் காட்டினார். முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டார்.

வண்டியை எடுக்கும்போது பழைய ஸ்பிரிங்குகளைக் கேட்டேன். "காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம் சார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றார்.

மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட சாலைகளைச் சொல்லவே வேண்டாம். பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பில் இடி. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். "புதுசு சார், பழகிவிடும்" என்று கடையில் சமாளித்தார்கள். இரும்பு எப்படிப் பழகும்?

பெரம்பூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் வண்டியை லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, காயலான் கடைக்குப் போன ஸ்பிரிங் இங்கேதான் இருக்கிறது" என்றார். பின்பக்கம் இருந்தது கம்பெனி ஸ்பிரிங்கேதான், ஒரு சுற்று வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனை கேஸ் தீயில் கருநீலமாகியிருந்தது. அப்படிச் சூடேறிய எஃகு வலுவிழந்துவிடும். ஷாக்கின் நீளம் பழையபடியே இருப்பதால், சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து இடம் பெயர்கிறது. அந்தச் சத்தம் அதுதான். முன்பக்கம் இன்னும் அழகு: எண்ணெய் கசிந்துகொண்டிருந்த பழைய ஷாக்கின் மேல் மரை போட்ட அலுமினியக் குழாயை மாட்டி, மேலே வண்ண ஸ்பிரிங். கையால் திருகினால் குழாய் ஆடியது.

அசல் காயிலோவரில் மரை பெரும்பாலும் ஷாக்கின் உடம்பிலேயே இருக்கும், தனியாக ஆடாது. அதன் பாக எண் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். மாட்டுமுன் எண்ணைப் படம் எடுங்கள். மாட்டிய பிறகு, சக்கரத்தைக் கழற்றிக் காட்டினால்தான் மீதிப் பணம் என்று சொல்லுங்கள். பழைய பாகங்கள் உங்கள் டிக்கிக்கு வர வேண்டும். வண்டி தாழ்ந்தால் கேம்பரும் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்முனை உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும் என்பதால் வீல் அலைன்மென்ட் அளவுத் தாளையும் கேளுங்கள். எனக்கு அதைச் செய்யவே இல்லை, முன் டயர்களின் உள்ஓரம் வழுக்கையாகிவிட்டது.

பில்லில் வெறும் 'சஸ்பென்ஷன் வேலை' என்று எழுதித் தந்திருக்கிறார்கள். நீங்கள் பிராண்டையும் பாக எண்ணையும் எழுதி வாங்குங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பினேன், பதில் இல்லை. அடுத்தது நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள்.