சுட்ட கல் வேண்டுமா, சுடாத கல் வேண்டுமா?

இந்தோனேசிய விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் வாங்கிய பவளக்கல் பொட்டலத்தைப் பற்றிய விமர்சனம் இது. விலை 38 சிங்கப்பூர் வெள்ளி, தபால் செலவு தனி. உள்ளே, உள்ளங்கையில் அடங்கும் அளவில், 6 மில்லிமீட்டர் தடிமனில் அறுத்த வில்லைகள். செங்காவி, இளஞ்சிவப்பு, நடுநடுவே பால்வெள்ளை. விளம்பரத்தில் 'இயற்கைச் சிவப்பு' என்று போட்டிருந்தார்கள். கல் இயற்கைதான், சிவப்பு அடுப்பில் வந்தது. கேட்டபோது விற்றவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் கேட்கத் தெரியாதவருக்கு யார் சொல்வது? ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றை இங்கேயே குறைத்துவிட்டேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஆட்களிடம் பவளம் என்று சொன்னால் உடனே செவ்வாயும் மோதிரமும்தான் நினைவுக்கு வரும். என் அத்தை இந்த வில்லையைப் பார்த்ததும், "எனக்கு ஒரு மோதிரக்கல் பண்ணிக் கொடுடா தம்பி, சோசியர் சொல்லியிருக்காரு" என்றார். அந்தப் பவளம் வேறு, அத்தை. மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் எடுக்கும் சிவப்புப் பவளம் சுண்ணாம்புச் சரக்கு, மோஸ் அளவில் கடினம் நாலைத் தாண்டாது. இது பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போன பவளப்பாறை. நிலத்தடி நீரில் கரைந்து வந்த சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) அதன் சுண்ணாம்பு எலும்புக்கூட்டின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது. வடிவம் பவளத்தினுடையது, உடம்பு அகேட் என்ற சிலிக்காக் கல்லினுடையது. கடினம் 6.5 முதல் 7 வரை. பேனாக்கத்தியால் கீறினால் கல்லில் கோடு விழாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாய் ஒட்டும். வினிகர் ஒரு சொட்டு விட்டாலும் நுரைக்காது. வந்த வில்லைகளில் ஒன்றே ஒன்று ஒரு மூலையில் மட்டும் நுரைத்தது. அந்த இடத்தில் சுண்ணாம்பு இன்னும் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

கல்லை ஏன் சுடுகிறார்கள்? கல்லுக்குள் மஞ்சளாக, பழுப்பாக இருப்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு, முக்கியமாக கோதைட். ஏறக்குறைய 250, 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த நீர் வெளியேறி ஹெமடைட் ஆகிவிடும், நிறமும் சிவப்புக்கு மாறும். சாயம் ஏற்றுவது இல்லை இது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பார்த்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் இதே வகைக் கல் கிடைக்கிறது, 1979 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கல்லும் அதுதான். அங்கிருந்த பூர்வகுடிகள் அதைத் தீயில் பதப்படுத்தி அம்பு முனை செய்தார்கள். சுட்ட கல் எளிதாகச் சில்லு பெயரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்பு செய்பவருக்கு அது வரம், என்னைப் போல மெருகு போடுகிறவனுக்குத் தலைவலி.

இந்தப் பொட்டலத்தின் குணமும் குற்றமும் அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. கப்பல் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் கிரைண்டர் பிடித்த கை என்னுடையது. அந்தக் கை பழக்கத்தில் அழுத்தும். இந்தக் கல் அழுத்தத்தைப் பொறுக்காது. 80 கிரிட் சக்கரத்தில் (கிரிட் எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும்) ஓரத்தை வைத்தால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வருகிறது. ஆகவே 80 பக்கமே போகாமல் 220 டைமண்ட் சக்கரத்தில் தொடங்குவது நல்லது. நேரம் கூடும், போகட்டும். ஓவல் அச்சை வைத்துக் கோடு போட பென்சில் வேண்டாம், தண்ணீர் பட்டதும் அழிந்துவிடும். கூராக்கிய அலுமினியக் கம்பியால் போட்டால் கோடு நிற்கும். பிடித்துத் தேய்க்க வசதியாகக் கல்லைக் குச்சியில் ஒட்டச் சூடான மெழுகையும் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே அடுப்பைப் பார்த்த கல், உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் திடீர்ச் சூட்டில் அது நீளும். ஆணித் தலையில் சூப்பர் குளூ வைத்து ஒட்டினால் போதும், வேலை முடிந்ததும் அசிட்டோனில் ஊறப்போட்டால் கழன்றுவிடும்.

சரி, அழகு எப்படி? அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்றவர் அறுக்கத் தெரிந்தவர். பவளத்தின் குழாய்களுக்குக் குறுக்கே அறுத்தால்தான் பூ தெரியும். நீளவாக்கில் அறுத்தால் வெறும் கோடுதான். பெரும்பாலான வில்லைகள் சுத்தமான குறுக்கு வெட்டு. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு பூவும் ஓர் உயிரி குடியிருந்த கிண்ணம். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய சுவர்கள் ஆறு, பன்னிரண்டு என்று ஆறின் மடங்காக அடுக்கியிருக்கும். சுட்டதால் சுவர்கள் வெள்ளையாகவும் இடைவெளிகள் சிவப்பாகவும் பிரிந்து நிற்கின்றன. ஒரு பூவை நட்டநடுவில் வைத்துச் சின்ன ஓவல் எடுத்தேன். விளிம்பில் அரைப் பூக்கள் வெட்டுப்பட்டு நிற்பதுதான் எனக்குப் பிடித்தது. என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, "என்னங்க, முழுசா வர்ற மாதிரி எடுக்கக் கூடாதா?" என்கிறாள்.

மெருகில் ஒரு சிக்கல் உண்டு. சுவரும் இடைவெளியும் ஒரே கடினம் இல்லை, மென்மையான பகுதி பள்ளமாகி மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். தேய்ந்த டைமண்ட் பேட், குறைந்த அழுத்தம், நிறைய தண்ணீர் இருந்தால் இது பெரும்பாலும் அடங்கும். 400, 800, 1500, 3000 என்று ஏறி, கடைசியில் தோல் பட்டையில் சீரியம் ஆக்சைடு மெருகுப்பொடி. ஒவ்வொரு கட்டத்திலும் கல்லைத் துடைத்துக் காயவைத்து லூப்பில் பாருங்கள். ஈரக்கல் எல்லாக் கீறலையும் மறைத்துவிடும், காய்ந்த கல் ஒன்றையும் மறைக்காது. சிறு குழி இருந்தால் சூப்பர் குளூவை ஊறவிட்டுச் சமமாக்கலாம். விற்பதாக இருந்தால் அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும், சூட்டைச் சொல்வது போலவே. பளபளப்பு மட்டும் உண்மையிலேயே கண்ணாடிதான், என் ஜன்னல் கம்பிகள் அதில் எண்ணிப் பார்க்கும்படி தெரிகின்றன.

வீவக அடுக்குமாடி வீட்டில் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, ஆகவே உலர் தேய்ப்பு வேண்டவே வேண்டாம், எப்போதும் தண்ணீரோடு, நல்ல முகக்கவசத்தோடு. அப்புறம், கலங்கிய சேற்றை சிங்க்கில் ஊற்றாதீர்கள். வாளியில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடிச்சேற்றைச் செய்தித்தாளில் வடித்துக் குப்பையில் போடுங்கள். குழாயில் ஒருமுறை இறுகிவிட்டால் பிளம்பர் வந்து கேட்கும் காசில் இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கலாம். சத்தம் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சலவை இயந்திரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பொட்டலம் கட்டியதில் கவனம் போதாது. இரண்டு வில்லைகள் ஒன்றோடொன்று மோதி விளிம்பில் சில்லு விட்டிருந்தன. சுட்ட கல்லுக்கு ஆளுக்கொரு தாள் சுற்றினால் என்ன குறைந்துபோகும்? விற்றவர் பணம் திருப்பித் தர முன்வந்தார், பெரிய மனதுதான், ஆனால் எனக்குக் கல்தான் வேண்டும். தருவிக்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: கடினப் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இருந்தாலும் அவற்றின் புதைபடிவங்களுக்கு அந்த விதிகள் பொருந்தா.

யார் வாங்கலாம்? பதக்கத்துக்கும் காதணிக்கும் தாராளமாக வாங்கலாம். தினமும் போடும் மோதிரத்துக்கு வேண்டாம், மேசை விளிம்பில் ஒரு தட்டு பட்டால் மூலை போய்விடும். மோதிரத்துக்கு அதே பவளத்தின் சுடாத வில்லையைக் கேட்டு வாங்குங்கள். நிறம் தேன்பழுப்புதான், ஆனாலும் கல் இன்னும் உறுதியாக இருக்கும். தொடக்கக்காரர்களும் அதில் பழகிவிட்டு இதற்கு வருவது நல்லது.

நான் இப்போது சுட்டது பாதி, சுடாதது பாதியாகக் கலந்து ஒரு பொட்டலம் கேட்டிருக்கிறேன். அவர் 45 வெள்ளி என்கிறார். தனித்தனியாகத் தாள் சுற்றி அனுப்பினால் 40 வரை போவேன், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.