தறியில் ஏறிய குனுங்கான்: யோக்யகார்த்தா நெசவுக்கூடம் ஒன்றைப் பற்றி

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள யோக்யகார்த்தா நகரில் இரண்டே தறிகளை வைத்து ஒரு பெண்மணி நடத்தும் சித்திர நெசவுக்கூடத்தில், சுவரில் மாட்டும் நெசவுச் சித்திரம் ஒன்றைச் சென்ற ஆண்டு சொல்லி நெய்து வாங்கினேன். ஓராண்டு என் வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

நான் கேட்டது குனுங்கான். எருமைத் தோலில் செதுக்கிய மலை வடிவமான இந்த உரு, ஜாவாவின் வாயாங் குலித் என்ற தோற்பாவைக் கூத்து தொடங்கும்போதும் முடியும்போதும் திரையின் நடுவில் நடப்படுவது. அதன் ஒரு முகத்தில் இரண்டு அரக்கர்கள் காவல் நிற்கும் வாயிலும் அதற்கு மேல் கிளை விரித்த மரமும் இருக்கும். மறுமுகத்தில் தீ எரியும். சுவரில் தொங்கும் நெசவுக்கு ஒரு முகமே உண்டு என்பதால், கிளைகளின் இடைவெளிகளில் தீயின் சிவப்பை மெல்லிய நாக்குகளாக ஏற்றியிருக்கிறார். இந்த ஒரு முடிவுக்காகவே அவரைச் சிறந்த கலைஞர் என்பேன்.

கரையில் பாராங் கோலம், அவுரி நீலத்திலும் சோகான் பழுப்பிலும். ஒரு காலத்தில் அரண்மனையைச் சேர்ந்தவர்கள் மட்டுமே உடுத்தலாம் என்றிருந்த இந்தச் சாய்வுக் கோலத்தை, மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணியில் மெழுகு வழியும் சாந்திங் என்ற கருவியால் ஒரே வளைவாக இழுத்துவிடலாம். தறியிலோ ஒவ்வொரு பாவு (நெடுக்கு) இழையாகத் தாண்டி, படிப்படியாகத்தான் வளைவு ஏறும். அந்தப் படிகளை மறைக்காமல் அளவாக விட்டிருப்பதால், கோலம் பாத்திக்கின் நகலாக இல்லாமல் நெசவாகவே நிற்கிறது.

குறை ஒன்று உண்டு. இவ்வகை நெசவில் ஊடை என்ற குறுக்கு இழை கரைக்குக் கரை ஓடாது. ஒவ்வொரு நிறமும் தன் எல்லையிலேயே திரும்பிவிடும். இரண்டு நிறங்கள் பாவு ஓடும் திசையில் நேர்க்கோட்டில் சந்திக்கும் இடத்தில் பிளவு விழும், அதைப் பின்னாலிருந்து தைக்க வேண்டும். வாயிலின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளவு தைக்கப்படாமல் வந்து, மூன்றே மாதத்தில் வாய் திறந்துவிட்டது. நானே தைத்துக்கொண்டேன்.

ஜாவாவின் பழைய பௌத்தக் கோயிலான பொரோபுதூரின் சிற்பங்களைத் தழுவிய நெசவுகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். கல்லில் ஒளியும் நிழலும் கொடுக்கும் ஆழம், நான்கைந்து சாம்பல் நிற நூல்களில் தட்டையாகிவிடுகிறது.

இரண்டடிக்கு மூன்றடி அளவுக்கு 24 லட்சம் ருப்பியாவும் ஐந்து வாரக் காத்திருப்பும் ஆயின. அந்த உழைப்புக்கு இது நியாயமான விலை. வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் நெசவைத் திருப்பிப் போட்டு, பிளவுகள் எல்லாம் தைத்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.