ஹெலிகாயில் என்று காசு வாங்கினார்கள், துளைக்குள் இருந்தது எம்-சீல்

உவரிப் பக்கம் பைக் வைத்திருக்கிறவர்களுக்கு உப்புக்காற்றின் வேலை தெரியும். சைலன்சரை இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டோடு பிடிக்கிற இரண்டு நட்டும், அவை ஏறியிருக்கிற மரை போட்ட கம்பியான ஸ்டட்டோடு சேர்ந்து துருக்கட்டியாகிவிடும். என் 100 சிசி வண்டியில் கேஸ்கெட் போய்ச் சத்தம் வந்ததால், வீட்டுச் சாய்ப்பில் வைத்து நானே கழற்ற உட்கார்ந்தேன். 10-ஆம் நம்பர் ஸ்பானரைப் போட்டு அழுத்தியதும் கொஞ்சம் சுற்றியது. கழன்றுவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் ஸ்டட் முறுகியிருக்கிறது. துருப்பிடித்த நட்டு கழன்றால் பெரும்பாலும் கிறீச்சென்று சத்தம் வரும். ஸ்டட் முறுகும்போது சத்தமே இருக்காது, ரப்பரை இழுக்கிற மாதிரி ஸ்பானர் மெதுவாக வரும். அங்கேயே கையை எடுத்து, மறுபக்கம் சுற்றி, துரு எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டிருக்க வேண்டும். நான் அழுத்தினேன், உடைந்தது.

அதுவரை பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. ஹெட்டுக்கு வெளியே 5 மி.மீ. நீளத்துக்குத் துண்டு நின்றது. என்னிடம் வெல்டிங் மிஷின் இல்லாததால் பக்கத்து ஊர்ப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். “300 ரூபாய் அண்ணாச்சி, விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க” என்றார்கள். விட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் போனால் கதை மாறியிருந்தது. துண்டு வரவில்லையாம், மரை போய்விட்டதாம், ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகத் துளைக்குள் இறக்குகிற கம்பிச்சுருள்) போட்டிருக்கிறார்களாம். 1,400 ரூபாய். துண்டுச் சீட்டில் ‘ஹெலிகாயில்’ என்று எழுதியே கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் பாளையங்கோட்டைக்குப் போகும்போது, மூன்றடைப்பு தாண்டியதும் சைலன்சர் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. கம்பியால் கட்டி வீடு வந்து சேர்ந்தேன். அவர்கள் போட்ட போல்ட்டை விரலால் பிடித்து இழுத்தேன். சாம்பல் நிறக் கட்டி ஒன்றோடு அப்படியே கையில் வந்துவிட்டது. எம்-சீல், ஒழுகலை அடைக்கிற ஒட்டுப்பசை. எக்ஸாஸ்ட் சூட்டில் கருகி, நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. குத்தூசியால் மிச்சத்தைச் சுரண்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். துளை நடுவில் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து அலுமினியத்தைத் தின்றிருந்தது. அடியில் வெள்ளியாக ஏதோ பளபளத்தது. ஸ்டட் துண்டைத் திருகி எடுக்கிற கருவியான ஈஸி-அவுட்டின் உடைந்த முனை.

நடந்தது அப்போதுதான் விளங்கியது. வெளியே நின்ற அந்த 5 மி.மீ. துண்டைக் கட்டிங் மிஷினால் மட்டமாக அறுத்துவிட்டு, நடுவைக் குறிக்கிற சென்டர் பஞ்ச் வைக்காமல் கை டிரில்லால் துளை போட்டு, ஈஸி-அவுட்டைச் சொருகித் திருகியிருக்கிறார்கள். 6 மி.மீ. ஸ்டட்டே தாங்காமல் உடைந்த இறுக்கத்தை, அதற்குள்ளே 3 மி.மீ. துளையில் நுழைகிற கருவி எப்படித் தாங்கும்? அதுவும் கூம்பு வடிவம். திருகத் திருக ஸ்டட்டை அகட்டி இன்னும் இறுக்கத்தான் செய்யும். கடினப்படுத்திய எஃகு என்பதால் வளையாது, படக்கென்று உடையும். உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டு அலுமினியத்துக்குள் போய்விடும்.

வெளியே நின்ற துண்டில் ஒரு நட்டை மாட்டி, நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங் வைத்திருந்தால் போதும். எஃகு வெல்டிங் அலுமினிய ஹெட்டில் ஒட்டாது. அந்தச் சூட்டிலேயே துருப்பிடிப்பு விட்டுவிடும், நட்டைத் திருகினால் துண்டும் சேர்ந்து வரும். வீட்டில் யாராவது செய்வதானால் பெட்ரோல் டேங்கை இறக்குங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள், வெல்டிங்குக்கான கறுப்புக் கண்ணாடி போடுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்போ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம். குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் விஷவாயு வரும்.

சீட்டையும் எம்-சீல் கட்டியையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். “ஹெட்டே பழசு அண்ணாச்சி, நாங்க என்ன செய்ய முடியும்? வேணும்னா வேற பழைய ஹெட் மாத்தித் தாரேன், ரெண்டாயிரம் ஆகும்” என்றார் பட்டறைக்காரர். ஈஸி-அவுட் முனை உள்ளே கிடப்பதைச் சொன்னதும் பதில் இல்லை. காசும் திரும்பி வரவில்லை. உடைந்ததைக்கூட மன்னிப்பேன், யாருக்கும் உடையும். வேலை தெரியாததை மறைத்து, செய்யாத வேலைக்குச் சீட்டு எழுதியதை மன்னிக்க முடியவில்லை. சைலன்சர் பின்சக்கரத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

படிகாரத்தைக் கரைத்துச் சூடாக்கி ஊற்றினால் எஃகு கரையும், அலுமினியம் தப்பும் என்று ஒரு நண்பர் சொன்னார். அது உண்மைதான். ஆனால் முழு ஹெட்டையும் அதில் முக்கிவிடாதீர்கள், அதற்குள் இருக்கிற இரும்பு வால்வ் சீட்டும் கைடும் சேர்ந்து அரித்துவிடும்.

கடைசியில் ஹெட்டைக் கழற்றித் திருநெல்வேலிப் பேட்டைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெரியவர் பார்த்ததும், “இதை யாரு வே இப்படிக் கொத்திப் போட்டது?” என்று வருத்தப்பட்டார். மில்லிங் மிஷினில் ஹெட்டை மட்டம் பார்த்துக் கட்டி, கார்பைடு கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முனையைப் பொடித்து எடுத்தார். சாய்ந்த துளையையும் நடுவுக்குக் கொண்டுவந்து, அதற்கென்று உள்ள மரை வெட்டும் கருவியான டேப்பால் மரை போட்டு ஹெலிகாயிலை இறக்கினார். இரண்டு மணி நேரம் நான் பக்கத்திலேயே நின்றேன். ஸ்டட் போடும் முன் டார்ச்சை என் கையில் தந்து, “பாத்துக்கிடும்” என்றார். உள்ளே கம்பிச்சுருள் வளையம் வளையமாக மின்னியது.

உங்களிடம் ஹெலிகாயில் என்று காசு கேட்டால், ஸ்டட் ஏறும் முன் அந்த வளையங்களைக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த துண்டையும் கேட்டு வாங்குங்கள். ஈஸி-அவுட்டைக் கையில் எடுத்தால், முதலில் நட்டு வைத்து வெல்டிங் பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது இரண்டு ஸ்டட்டிலும் பித்தளை நட்டு போட்டிருக்கிறேன். அது துருப்பிடித்து ஸ்டட்டோடு கட்டியாகாது. மழைக்கு முன்னால் ஒருமுறை கழற்றிப் பார்த்தேன், ஸ்பானருக்கு லேசாக வந்தது.